ரொக்ஸ்பரோ வீட்டில் ஆறு துவக்குகள்

"படு! கீழே படு!"

நான் கத்துகிறேன். தமிழில் கத்துகிறேன். என் மகள் மெலனி சமையலறை நடுவில் நிற்கிறாள். ஒரு சப்பாத்து காலில். மற்றது கையில். வாய் திறந்திருக்கிறது. சத்தம் வரவில்லை.

துவக்குச் சூடு கீழே வெடித்தது. பேஸ்மென்ட்டில். சமையலறைத் தரையில், பிரிட்ஜுக்கு முன்னால், ஒரு ஓட்டை. மரத்தூள் இன்னும் பறக்கிறது. மேலே கூரையில் இன்னொரு ஓட்டை. இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குப் பக்கத்தில் மெலனியின் தோள் இருந்தது. ஒரு முழம் தள்ளி. அதை நான் அப்போது பார்க்கவில்லை. பிறகு பொலிஸ்காரர் நூல் கட்டிக் காட்டியபோது பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தை மாதக் கடைசி. பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிய ரயில் பாதை வேலை நடந்தது. வாரநாட்களில் இரும்பில் இரும்பு அடிக்கும். பாத்திரங்கள் அதிரும். ஒவ்வொரு அடிக்கும் நான் குனிவேன். ஞாயிறுகளில் அந்த வேலை இல்லை. ஆகவே அது என்ன சத்தம் என்று எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு நொடிகூட வரவில்லை.

மகளை இழுத்து விழுத்துகிறேன். அவள்மேல் கிடக்கிறேன். கீழே ஆண் குரல்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து. என் கணவர் அன்ரனின் குரல் இல்லை. எழும்புகிறேன். பின்கதவு. பனி முழங்கால் வரை. மெலனிக்குக் கோட் இல்லை. எனக்குச் செருப்பு இல்லை.

"குனிஞ்சு ஓடு! குனி!"

அவள் நிமிர்ந்து ஓடினாள். பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுவதைப் போல. தலை உயர்த்தி, கைகளை வீசி. வன்னியில், கடைசிப் போரில், அடம்பனில் இருந்து மாத்தளன் வரைக்கும் நான் குனிந்தே ஓடியவள். தோளும் கழுத்தும் தானாக மடங்கும். அவளுக்கு மடங்கவில்லை. அவள் மொன்றியலில் பிறந்தவள். குனிந்து ஓட நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு மதாம் லூசி கதவைத் திறந்தார். எங்களை உள்ளே இழுத்தார். பூட்டினார். பொலிசுக்கு அழைத்தார். நான் அவருடைய குளியலறைத் தொட்டிக்குள் மகளைப் படுக்கவைத்தேன். இரும்புத் தொட்டி. சன்னம் துளைக்காது. அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கண் தானே தேடிப் பிடித்தது.

போன வருடம் எங்கள் பங்குக் கோயிலில் சிலர் போர் நினைவுகளைத் திரட்டினார்கள். வன்னியில் நடந்ததை எழுதித் தரச் சொல்லி என்னிடமும் கேட்டார்கள். எழுதத் தொடங்கினேன். பேனை வேறு பக்கம் போனது. வன்னியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ரொக்ஸ்பரோவில் நடந்ததை எழுத நான்தான் இருக்கிறேன். எழுதுகிறேன்.

அன்ரன் நல்ல மனிதர். அதை முதலில் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து இளவயதிலேயே வெளிக்கிட்டவர். போரின் தொடக்கத்தைப் பார்த்தவர். முடிவைப் பார்க்காதவர். நான் முகாமில் இருந்து வெளியே வந்து, இந்தியா போய், அங்கிருந்து அவரிடம் வந்து சேர்ந்தேன். அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் சென்ட் லோரன்டில் ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறேன். பனி கொட்டினால் எங்கள் வாசலுக்கு முன் மதாம் லூசியின் வாசலைத்தான் அவர் வழிப்பார்.

களஞ்சியத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர் துவக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனார். அட்டைக்குச் சுடுவது. காதில் மூடி, கண்ணில் கண்ணாடி. அன்ரனுக்குப் பிடித்துவிட்டது. வகுப்புக்குப் போனார். சோதனை எழுதினார். அனுமதி எடுத்தார். ஒரு கைத்துவக்கு வாங்கினார். பேஸ்மென்ட் படிக்குக் கீழே இரும்புப் பெட்டகம் வைத்தார். சாவி கழுத்தில், மாதா உத்தரியக் கயிற்றோடு. எல்லாம் சட்டப்படி. எனக்குப் பிடிக்கவில்லை. துவைக்கும் மெஷின் அந்தப் பெட்டகத்துக்கு அருகில் இருந்தது. உடுப்பு போடப் போகும்போது நான் அதற்கு முதுகைக் காட்டமாட்டேன்.

அப்படிச் சில வருடம் போனது.

பிறகு ஒரு வைகாசி முடிவில் கனடா அரசாங்கம் அறிவித்தது. கைத்துவக்கு விற்பதும் வாங்குவதும் நிறுத்தப்படும். சட்டம் நடைமுறைக்கு வரச் சில மாதம் எடுக்கும். அவ்வளவுதான் செய்தி. இரவுச் சாப்பாட்டு நேரம். அன்ரன் சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடி இருந்தார். சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு கடை. வெளியே வரிசை. கார் நிறுத்தும் இடத்தைத் தாண்டி நின்றது. தகப்பனும் மகனும், ஓய்வுபெற்ற கிழவர்கள், வேலைச் சப்பாத்தோடு வந்தவர்கள். ஒருவரும் சத்தம்போடவில்லை. ஆளை ஆள் பார்க்கவில்லை. கையில் அனுமதி அட்டை. உள்ளே கண்ணாடிப் பெட்டிகள் பாதி வெறுமை. விற்கிற பெடியன் ஒருவன் கறுப்புப் பேனையால் விலையை வெட்டி எழுதிக்கொண்டு வந்தான். நாங்கள் வரிசையில் நிற்கும்போதே வெட்டினான். நாங்கள் கிட்டப் போனபோது மறுபடியும் வெட்டினான். ஒருவரும் முறைப்படவில்லை. இன்னும் வேகமாக நகர்ந்தார்கள்.

நான் அந்த வரிசையை முதலே பார்த்திருக்கிறேன். வன்னியில், வலைஞர்மடத்தில். அங்கே அரிசி. ஷெல் ஒரு தெரு கிட்ட விழும். விலை ஏறும். இன்னொரு தெரு கிட்ட விழும். இன்னும் ஏறும். விற்கிறவனுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியும். வாங்குகிறவனுக்கும் தெரியும். விலைதான் அங்கே செய்தி. இங்கே ஷெல் இல்லை. நல்ல வெயில். கடைக்கு முன்னால் பூச்சாடி. ஆனால் அதே அமைதி. அதே முகங்கள்.

வெளியே காரில் அன்ரன் சொன்னார்.

"இப்ப வாங்கினாத்தான் ஜெசி. இனி வராது. இன்னும் ரெண்டு வருசத்தில இதுக்கு மூண்டு மடங்கு தருவாங்கள். மெலனியின்ர படிப்புக்கு உதவும்."

"ஆர் தருவாங்கள்?"

"தேவைப்படுறவன் தருவான்."

காரை எடுத்தார். நான் மேலே கேட்கவில்லை. தேவைப்படுகிறவன் யார் என்று இரண்டு பேரும் யோசித்திருக்கவேண்டும்.

கோடை முழுக்க ஐந்து வாங்கினார். பழையதோடு ஆறு. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கூடிய விலை. கடைசியாக வாங்கியதற்கு ஆயிரத்து எண்ணூறு டொலர். அது முந்தின கோடையில் எழுநூறு என்று அவரே சொன்னார். பெருமையாகச் சொன்னார். விலை ஏற ஏறத் தான் கெட்டிக்காரன் என்று நினைத்தார். பதிவு அனுமதிகள் தாமதமாக வந்தன. அவர் வேலையிடத்தில் ஒளித்து ஒளித்து ரெலிபோனைப் பார்த்தார். இரவில் நித்திரையில்லை. கடைசி அனுமதி வந்த நாளில் எங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

இலையுதிர் காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, சட்டம் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு முழுதும் விளங்கியது. கடைக்காரன் விற்க முடியாது என்றால் அவரும் விற்க முடியாது. ஒருவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வைத்திருக்கலாம். அல்லது பொலிசிடம் சும்மா ஒப்படைக்கலாம். அவ்வளவுதான். மூன்று மடங்கு தருகிறவன் சட்டத்துக்கு உள்ளே இல்லை. அடுத்த அரசாங்கம் மாற்றும் என்று அன்ரன் சொன்னார். எனக்குச் சொல்லவில்லை. தனக்கே சொன்னார்.

மனிதர் கதைக்கத் தொடங்கினார். அதுதான் பிழை. கலியாண வீட்டில் கதைத்தார். முடிவெட்டும் கடையில் கதைத்தார். தன்னிடம் ஆறு இருக்கிறது, எல்லாம் புதிது, இனி இந்த நாட்டில் கிடைக்காது என்றார். நட்டத்தை மறைக்கப் பெருமை பேசினார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சிரிக்கவில்லை.

அவன் கார்த்திகையில் வீட்டுக்கு வந்தான். தமிழ்ப் பெடியன். முப்பது வயது இருக்கும். கண்ணன் என்று சொன்னான். அது அவனுடைய பெயர் இல்லை என்று பிறகு பொலிஸ் தேடியபோது தெரிந்தது. கேக் வாங்கிவந்தான். சப்பாத்தை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான். என்னை அக்கா என்றான். மெலனி எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டான். அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அவனும் பிரெஞ்சில் கதைத்தான். நல்ல பிரெஞ்சு.

அன்ரன் அவனைக் கீழே கூட்டிப்போனார். நான் துவைத்த உடுப்பு எடுக்கிற சாட்டில் பின்னால் போனேன். பெட்டகம் திறந்திருந்தது. அவன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தான். நிறை பார்த்தான். துடைத்து வைத்தான். ஒன்றுக்கும் விலை கேட்கவில்லை. அன்ரன்தான் விலை சொன்னார். மிகப் பெரிய விலை. பேரம் பேசுவான் என்று நினைத்துச் சொன்ன விலை.

"ஓம் அண்ணை," என்றான் அவன். அவ்வளவுதான்.

விலை கேட்காதவனை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். வன்னியில் கடைசி மாதங்களில். சாமான் தேவையான மனிதன் விலை கேட்பான், அழுவான், பேரம் பேசுவான். கையில் ஆயுதம் உள்ளவன் கேட்பதில்லை. எடுத்துப்போகிறதென்று முதலே முடிவு செய்தவனுக்கு விலை எதற்கு.

அவன் ஒரு வழி சொன்னான். காசு ஒரு நாள் வரும். அடுத்த நாள் வீடு உடைத்துக் களவு போனதாக அன்ரன் பொலிசில் சொல்லவேண்டும். அன்ரனின் முகம் மாறியது. களவுப் பொய் சொல்ல ஏலாது என்றார். குழந்தை இருக்கிற வீடு என்றார். அவனுக்குக் கோபம் வரவில்லை. படியேறினான். சப்பாத்துப் போட்டான். கயிறு இறுக்கினான்.

"யோசியுங்கோ அண்ணை. பேந்து வாறன்."

அன்று இரவு நான் அன்ரனோடு சண்டைபிடித்தேன். கலியாணம் கட்டி முதல் தரம். எல்லாவற்றையும் கொண்டுபோய்ப் பொலிசில் கொடுக்கச் சொன்னேன். சும்மா கொடுக்கவா என்று கேட்டார். ஓம், சும்மா என்றேன். வீட்டின்மேல் கடன் எடுத்துத்தான் வாங்கினார் என்று அப்போதுதான் சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த நாள் வேலை இடைவேளையில் நானே பொலிசுக்கு அழைத்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் மரியாதையாகக் கதைத்தார். அனுமதி இருக்கிறதா? இருக்கிறது. பூட்டி வைத்திருக்கிறாரா? ஓம். அப்படியென்றால் குற்றம் இல்லை, ஒப்படைப்பதென்றால் உரிமையாளர்தான் அழைக்கவேண்டும் என்றார். வந்தவனின் பெயரைக் கேட்டார். கண்ணன் என்றேன். முழுப் பெயர் தெரியாது. கார் இலக்கம் தெரியாது. எழுதிக்கொண்டார்.

மார்கழி. நத்தார். பனி. நான் கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டேன். மெலனியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் விடவில்லை. அன்ரன் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. தைப் பிறப்புக்குப் பிறகு ஒரு நாள் தானாகச் சொன்னார். கொடுத்துவிடுவம் என்றார். வாற கிழமை அழைத்துச் சொல்லுகிறேன் என்றார். நான் மெழுகுதிரி கொளுத்தினேன்.

அந்தக் கிழமை வரும் முன்னரே அந்த ஞாயிறு வந்தது.

மூன்று பேர். முகத்தில் துணி. கையில் ஒரு பார்சல் பெட்டி. மணி அடித்தார்கள். சமையலறையில் எனக்கு மணி மட்டும்தான் கேட்டது. அன்ரன் பூசை உடுப்போடு கதவைத் திறந்தார். அடித்து விழுத்தினார்கள். கீழே இழுத்துப்போனார்கள். பேஸ்மென்ட் விளக்கின் சுவிட்ச் படிக்கதவுக்குப் பின்னால், ஒளிந்த இடத்தில் இருக்கிறது. புதிய ஆட்கள் ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அவர்களில் ஒருவன் தேடாமலே போட்டானாம்.

அன்ரன் சட்டைக்குள் இருந்த சாவியைக் கொடுக்கவில்லை. உதைத்தார்கள். கொடுக்கவில்லை. ஒருவன் கூரையை நோக்கிச் சுட்டான். பேஸ்மென்ட்டின் கூரைதான் எங்கள் சமையலறையின் தரை. மேலே நாங்கள் நிற்பது அன்ரனுக்குத் தெரியும். உடனே சாவியைக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அடித்தார்கள். துவக்கின் பிடியால் முகத்தில் அடித்தார்கள்.

பொலிஸ் வந்தபோது அவர்கள் ஆறையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்ரன் துவைக்கும் மெஷினில் சாய்ந்து இருந்தார். முகம் முழுக்க இரத்தம். என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைக்குப் பட்டதோ?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா இல்லை."

அதற்குப் பிறகுதான் மயங்கினார். ஆஸ்பத்திரியில் வலது கண்ணை எடுத்தார்கள்.

அன்ரனை விசாரித்தார்கள். பல தடவை. அவர் விற்றுவிட்டுப் பொய் சொல்கிறாரா என்று கேட்டார்கள். நான் முன்பு அழைத்தது பதிவில் இருந்தது. அது அவரைக் காப்பாற்றியது. அனுமதியை இரத்துச் செய்தார்கள். ஒற்றைக் கண்ணோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட விடவில்லை. வீட்டை விற்றோம். சென்ட் லோரன்டில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தோம். மெலனி ஜன்னல் பக்கம் படுக்கமாட்டாள். நான் தமிழில் கூப்பிட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். முன்பும் அப்படித்தான். இப்போது முற்றாக.

சித்திரையில் இரண்டு துவக்குகள் கிடைத்தன. நெடுஞ்சாலையில் மறித்த ஒரு காரில். அன்ரனுக்கு ரெலிபோனில் சொன்னார்கள். அவர் நன்றி சொன்னார்.

ஆனியில் மூன்றாவது கிடைத்தது. ரெலிபோனில் சொல்லவில்லை. நேரே வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக இருவர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நகரத்தின் கிழக்குப் பக்கம், ஒரு டெப்பனர் மூலைக்கடைக்கு முன்னால், பின்னேரம், ஒரு பையன் சுடப்பட்டு இறந்திருந்தான். பதினேழு வயது. பால் வாங்க வந்தவன். சுட்டவர்கள் தேடிய ஆள் அவன் இல்லை. துவக்கை ஒரு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள். அதன் இலக்கம் அன்ரனின் பெயரில் இருந்தது. போன கோடையில் கடைசியாக வாங்கியது.

அன்ரன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு பேரும் குடித்தார்கள்.

பையனின் படம் மெட்ரோவில் ஒருவர் வாசித்த பத்திரிகையில் இருந்தது. பள்ளிக்கூடப் படம். அடக்கம் எந்தக் கோயிலில் என்றும் போட்டிருந்தது. நான் போனேன். அன்ரனுக்குச் சொல்லவில்லை. மெட்ரோ, பிறகு பஸ். கோயிலில் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். கோயில் நிறைந்திருந்தது. ஹெயிற்றியில் இருந்து வந்த குடும்பம். அவர்களின் பாட்டு எனக்கு விளங்கவில்லை. முழந்தாளிட வேண்டிய இடங்கள் மட்டும் விளங்கின. அவை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பூசைக்குப் பிறகு கீழே மண்டபத்தில் சாப்பாடு. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தாயை எல்லோரும் சுற்றி இருந்தார்கள். என் வயதுதான். கையில் ஒரு கடதாசிக் கோப்பை. என்னைப் பார்த்தார். யார் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு கார்டெரிப் பிரெஞ்சு. கை கழுவு. சாப்பிட வா. அழாதே. அதை வைத்துக்கொண்டு சொன்னேன். துவக்கு. என் வீட்டுத் துவக்கு. என் கணவர் வாங்கியது. கெட்ட மனிதர்கள் வந்து எடுத்தார்கள். குழந்தைக்குச் சொல்வதைப் போலத்தான் சொல்ல வந்தது. வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை.

சுற்றி நின்றவர்கள் அசைந்தார்கள். ஒரு ஆள் என் பக்கம் வந்தார். தாய் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நின்றிருப்பேன். அவர் ஒரு சொல்தான் கேட்டார்.

"கொம்பியான்?"

எவ்வளவு. கடையில் கேட்கிற சொல். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். மறுபடி கேட்டார். உங்கள் கணவர் அதை என்ன விலைக்கு வாங்கினார்?

சொன்னேன். ஆயிரத்து எண்ணூறு. பிரெஞ்சில் இலக்கங்கள் எனக்குத் தெரியும். குழந்தைகளோடு எண்ணிப் பழகியவை.

அவர் அந்த இலக்கத்தைத் திருப்பிச் சொன்னார். மெதுவாக. பக்கத்தில் இருந்த வயதான ஆளிடம் திரும்பினார். அவரிடமும் சொன்னார். அவர் இன்னொரு பெண்ணிடம் சொன்னார். அவள் பின்னால் இருந்தவளிடம். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்த இலக்கம் வாய்க்கு வாய் மாறி மண்டபத்தின் கடைசி மேசை வரை போனது. அங்கே பையனின் பள்ளிக்கூடக் கூட்டாளிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ சொன்னார்கள். சாப்பிடும் சத்தம் நின்றது.

பிறகு ஒரு பெண் வந்தார். என்னைக் கதவு வரை கூட்டிவந்து விட்டார். தள்ளவில்லை. கதவைத் திறந்து பிடித்தார்.

இழந்தவற்றைச் சொல்கிறேன்.

ஒரு வீடு, ரொக்ஸ்பரோவில். ஒரு வேலை. ஒரு கண். மகளின் நித்திரை. அன்ரன் இப்போது ஆட்களோடு கதைப்பதில்லை. அதையும் சேர்க்கவேண்டும்.

ஒரு பையன். அவனுடைய பெயர் எனக்குத் தெரியும். அவன் தாயைக் கேட்காமல் அதை இங்கே எழுதமாட்டேன்.

கைத்துவக்குகள் ஆறு. காரில் இரண்டு பிடிபட்டன. குப்பைத்தொட்டியில் ஒன்று கிடைத்தது. மூன்று கிடைக்கவில்லை. போன கிழமையும் பொலிசுக்கு அழைத்துக் கேட்டேன். இல்லை, இன்னும் இல்லை என்றார்கள். இந்த நகரத்தில் எங்கோ ஒரு மேசை லாச்சிக்குள், ஒரு கார் இருக்கைக்கு அடியில், ஒருவனின் இடுப்பில், அந்த மூன்றும் இருக்கின்றன.